சண்டை போடாதவர்களுக்கு ஒரு சமாதான விருந்து

தேனி மாவட்டத்தில் நெல், வாழை, திராட்சை, தென்னை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அமோகமாக விளைகிற ஒரு மனித வகை உண்டு. தண்ணீர் வந்தாலும் விளையும், வராவிட்டாலும் விளையும். இதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்காததால் நாமே வைத்துவிடுவோம்: ‘ஏதோ இருக்கு’க்காரர்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் தெருவில் ஒருவர் தம் வீட்டுக் கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்தால், நீங்களும் நானும் ‘பச்சை அடித்திருக்கிறார்’ என்று பார்த்துவிட்டுப் போய்விடுவோம். இவர் போகமாட்டார். வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, பத்து வருடமாக நீலமாக இருந்த கதவு இந்த மாதம் மட்டும் ஏன் பச்சையானது, அதுவும் மூத்த மகன் ஊருக்கு வந்து போன மறுவாரமே ஏன் ஆனது, வர்ணம் அடிக்க உள்ளூர் ஆளை விட்டுவிட்டுப் போடியிலிருந்து ஏன் ஆள் கூட்டி வந்தார்கள் என்று மூன்று கேள்விகளைத் தமக்குள்ளேயே கேட்டு, மூன்றுக்கும் தாமே தலையாட்டிக்கொண்டு, கடைசியில் உங்கள் பக்கம் திரும்புவார். “சும்மா அடிப்பாகளா? ஏதோ இருக்கு.”

ஒருவர் சிரித்தால் ஏதோ இருக்கிறது. சிரிக்காவிட்டால் நிச்சயமாக இருக்கிறது.

அதைச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் டீ கிளாஸைக் கீழே வைக்க வேண்டும். பிறகு இடது பக்கமும் வலது பக்கமும் பார்க்க வேண்டும். கடையில் டீ ஆற்றுகிறவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்றாலும், அந்த டீ ஆற்றுகிறவருக்கு இரண்டு காதும் மந்தம் என்றாலும் குரலைத் தாழ்த்தத்தான் வேண்டும். சொல்லி முடித்ததும் கிளாஸை எடுத்து நிதானமாக ஒரு மடக்குக் குடிப்பார். அந்த ஒரு மடக்கு நேரத்தில் உங்கள் நிம்மதி போய்விடும்.

இவரைப் புறணி பேசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். புறணி பேசுகிறவருக்கு ஏதாவது ஒரு செய்தி தெரிந்திருக்கும். இவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் தேடுகிறார். கெட்ட எண்ணமும் கிடையாது. பழுது எங்கே என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்கிற தங்கமான மனசுதான் இவரை இந்தப் பாடு படுத்துகிறது. நம்மையும்தான்.

இந்த வகையில் தலைசிறந்த ஆளைப் பார்க்க வேண்டுமானால் சின்னமனூருக்கு வாருங்கள். பெயர் வைகுண்டராஜ். வயது நாற்பத்தெட்டு. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் மக்கர் செய்தாலும் அது வண்டியேறி இவர் கடைக்குத்தான் வரும். காதை வைத்துக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, காயில் கருகியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கைராசிக்காரர். ஒரே ஒரு குறை. “நல்லா ஓடுதுண்ணே, சும்மா கிரீஸ் மட்டும் வச்சுக் குடுங்க” என்று யாராவது கொண்டுவந்தால் அதையும் கழற்றிவிடுவார்.

“ஏண்ணே, நல்லாத்தான ஓடுது?”

“ஓடுது. ஆனா எதுக்கு இம்புட்டு அமைதியா ஓடுது?”

கழற்றி மாட்டிய பிறகு அது அவ்வளவு அமைதியாக ஓடுவதில்லை.

இந்த வைகுண்டராஜுக்கு உலகத்தில் மோட்டாரை விட்டால் பிடித்தது ‘இருபோகம்’. நெல்லைச் சொல்லவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை நெல் விளைகிற பள்ளத்தாக்கில் பிறந்தோம் என்பதற்காக, இரண்டு பையன்கள் தங்கள் பாட்டு ஜோடிக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. ஒருவன் வடுகபட்டி முத்துக்குமரன், தொண்டை அவனுடையது. இன்னொருவன் உத்தமபாளையம் பக்கத்துச் சகாய பிரவீன். கிதாரும் மெட்டும் அவனுடையவை. கல்லூரி ஆண்டுவிழாவில் ஆரம்பித்து, யூடியூபில் ஏறி, கல்யாண மண்டபங்கள், சர்ச் திருவிழாக்கள், எல்லை தாண்டிக் குமுளி வரைக்கும் ஒன்பது வருடம் பாடினார்கள். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்த அன்றைக்குக் காதலைச் சொல்லப் போய்க் கால்வாயில் விழுந்தவனைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டைத் தெரியாத ஷேர் ஆட்டோ அந்தப் பக்கத்தில் கிடையாது. அவர்களுடைய ரசிகர் மன்றத்துக்கு வைகுண்டராஜ்தான் தலைவர். மன்றத்தில் பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர், மோட்டாரைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கக் காத்திருந்தவர்கள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபோகம் ஒரு வீடியோ போட்டது. வாய்க்கால் கரையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு சொன்னார்கள்:

“நாங்க சேந்து பாட வேண்டியதெல்லாம் பாடி முடிச்சாச்சு. பிரவீன் கோயம்புத்தூர்ல பள்ளிக்கூடத்துல மியூசிக் வாத்தியாராப் போறான். நான் தனியா என்னென்னமோ பாடிப் பாக்கலாம்னு இருக்கேன். எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல. மே மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை சின்னமனூர்ல கடைசிக் கச்சேரி. எல்லாரும் வந்துருங்க. ஒம்பது வருசமா எங்களைத் தாங்குனதுக்கு ரொம்ப நன்றி.”

அவ்வளவுதான். நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. ரசிகர்கள் அழுதார்கள், இதயப் படம் போட்டார்கள், “போய் வா சிங்கமே” என்று எழுதினார்கள், பிறகு சாப்பிடப் போனார்கள்.

வைகுண்டராஜ் சாப்பிடப் போகவில்லை. அந்த வீடியோவைப் பதினோரு முறை பார்த்தார். பன்னிரண்டாவது முறை மனைவி உமாதேவியையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

“இங்கன பாரு உமா. மூணாவது நிமிசத்துல பிரவீன் மூக்கைச் சொறியிறான்.”

“ஈ உக்காந்துச்சு.”

“ஈ எதுக்கு அவன் மூக்குல மட்டும் உக்காருது?”

உமாதேவி இருபத்து மூன்று வருடமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறவர். அவர் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார்.

“சண்டை இல்ல, சண்டை இல்லன்னு எவன் சொல்வான்? இருக்கிறவன்தான் சொல்வான். நாம என்னைக்காவது எங்களுக்குள்ள சண்டை இல்லைன்னு ஊருக்குச் சொல்லியிருக்கமா?”

“நமக்குள்ளதான் தெனமும் இருக்கே.”

“அதைச் சொல்லல. சிரிச்சுக்கிட்டே எவனாச்சும் பிரிவானா? ஏதோ இருக்கு.”

உமாதேவி கீரையிலிருந்து தலையைத் தூக்கினார். “கர்ணன் அண்ணன் போனப்பவும் இதத்தான் சொன்னீக.”

வைகுண்டராஜ் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, கையில் கிரீஸ் எதுவும் இல்லாதபோதே கை கழுவப் போய்விட்டார்.

கர்ணன் யார் என்று கேட்கிறீர்களா? கடையின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். ‘வைகுண்டராஜ் மோட்டார்ஸ்’ என்பதற்கு முன்னால், மேலே பூசிய வர்ணத்தையும் மீறி, ‘கர்ணன்’ என்ற பெயர் லேசாகத் தெரியும். பதினான்கு வருடம் இரண்டு பேரும் ஒரே பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்து காயில் கட்டினார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் கர்ணன், மாமனார் ஊரான கம்பத்துக்கே குடிபோய், அங்கே தனியாக மைக் செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கம் என்றார். வைகுண்டராஜ் தலையாட்டி வழியனுப்பினார். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்பது பிறகு வரும்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு வைகுண்டராஜ் வடுகபட்டிக்கு வண்டியை விட்டார். முத்துக்குமரனின் அம்மா கஸ்தூரியம்மாள் வாசலில் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பெரிசு, சிறிசு பிரித்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் நம்மவரின் தொழில் நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அவர் எதையும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் ஆறுதல் சொன்னார்.

“அக்கா, நீங்க எதையும் மனசுல வச்சுக்காதீக.”

“எதைத் தம்பி?”

“பாத்தீகளா, இந்தப் பெருந்தன்மை எல்லாருக்கும் வராதுக்கா.”

“என்னா தம்பி சொல்றீக? ஒண்ணும் வெளங்கலையே.”

“நான் எதையும் சொல்ல வரல. ரெண்டு வீடும் தாயா பிள்ளையாப் பழகுனது ஊருக்கே தெரியும்.”

“ஆமா. அந்த வீட்டு ஆளுகளும் நம்மகிட்ட மரியாதையாத்தான் இருந்தாக.”

“இருந்தாகளா?”

இந்த ஒற்றைச் சொல்லை மட்டும், புருவத்தைக் கொஞ்சம் தூக்கிச் சொல்லிவிட்டு, தந்த மோரைக் குடித்துவிட்டு, வண்டியேறிவிட்டார்.

கஸ்தூரியம்மாள் அன்றைக்குப் பொழுது சாயும்வரை பூண்டு பிரித்தார். பூண்டோடு பூண்டாக ஞாபகங்களையும் பிரித்தார். சாயங்காலம் ஒன்று தட்டுப்பட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால், முத்துக்குமரனின் தங்கை கல்யாணத்துக்கு வந்த பிரவீனின் அம்மா, பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல் போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். அன்றைக்கே மறந்துபோன விஷயம். ஆனால் ஒரு வீட்டில் கை நனைக்காமல் போவது என்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. சாப்பிட்டால் உறவு, சாப்பிடாமல் போனால் மனசில் கசப்பு. கஸ்தூரியம்மாளுக்கு மூன்று வருடம் கழித்துக் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை பிரவீன் வீடு. அவனுடைய அப்பா பீட்டர்ராஜ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதையும் ஆதாரத்தோடு பேசுகிறவர்.

“சார், உங்க மகன் பெருந்தன்மை யாருக்கும் வராது. ஒம்பது வருசமா எல்லா போஸ்டர்லயும் முத்துக்குமரன்தான் இடது பக்கம், முதல்ல. உங்க மகன் ஒரு வார்த்தை கேக்கலையே.”

“அது அப்படியில்லங்க. கிதாரோட கழுத்து இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். முத்து அந்தப் பக்கம் நின்னாத்தான் இடிக்காது. அதான் காரணம்.”

“அதான் காரணமா சார்?”

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. பீட்டர்ராஜ் அன்றைக்குப் பழைய போஸ்டர்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கி, நாற்பத்தேழு போஸ்டரிலும் மகன் வலது பக்கம்தான் நிற்கிறான் என்று கணக்கெடுத்து முடித்தபோது, அவருடைய மனைவி மதலேனாள் வந்து, “என்னா, போஸ்டரைப் போட்டு இப்படிப் பாக்குறீக?” என்று கேட்டதற்கு, “ஏதோ இருக்கு” என்றார். பாருங்கள், தொற்றிவிட்டது.

வாரக் கடைசியில் முத்துக்குமரன் பிரவீனுக்குப் போன் செய்தான். கடைசிக் கச்சேரிக்குப் பாட்டு வரிசை பேசத்தான் செய்தான். பேச்சு எப்படியோ திரும்பியது.

“டேய், எங்க தங்கச்சி கல்யாணத்துல உங்கம்மா சாப்பிடாமப் போனாகளாமே?”

“அது எந்தக் காலத்துலடா? அது கிடக்கட்டும், நீ எதுக்குடா எப்பவும் இடது பக்கமே நிக்கிற?”

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை வைத்தார்கள்.

இந்தச் செய்தி சின்னமனூருக்கு வந்து சேர்ந்ததும் வைகுண்டராஜின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் துயரம். இன்னொரு பக்கம், பழுதைக் கண்டுபிடித்துவிட்டவரின் திருப்தி. “நான் அன்னைக்கே சொன்னேன்ல உமா?” என்றார். உமாதேவி, “நீங்க சொன்னீக. அதான் வந்துச்சு” என்றார். அவருக்கு அது காதில் விழவில்லை. கழற்றியாகிவிட்டது, இனி மாட்ட வேண்டும் என்ற யோசனையில் இருந்தார்.

மாட்டுவதற்கு ஒரு வழி இருந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டுக்குள் மனத்தாங்கல் வந்தால், மூன்றாவது ஒருவர் தம் வீட்டில் கறிச்சோறு போட்டு இரண்டு வீட்டாரையும் எதிரெதிரே உட்காரவைப்பார். தப்பு யார் பக்கமோ அவர்கள் முதலில் சோற்றில் கை வைப்பார்கள். அடுத்தவர்கள் தொடர்ந்து வைப்பார்கள். முடிந்தது. மன்னிப்புக் கேட்பது, அழுவது, பழசைக் கிளறுவது எதுவும் கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு நிபந்தனை. சண்டை நடந்திருக்க வேண்டும்.

கச்சேரி அன்றைக்கு மதியமே விருந்து என்று முடிவு செய்த வைகுண்டராஜ், அதற்கு ஒரு ஃபிளக்ஸும் அடித்தார். மெயின் ரோட்டில், போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்கும்படி வைத்தார். ‘மனக்கசப்பை மறந்து ஒன்றுகூடும் இருபோகமே, வருக!’ கீழே இரண்டு பையன்களின் படம் சின்னதாக. கும்பிட்ட கையோடு தலைவர் படம் பெரிதாக.

அதுவரை பள்ளத்தாக்கில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாமல் இருந்த மனக்கசப்பு, ஒரே நாளில் கூடலூர் முதல் ஆண்டிபட்டி வரைக்கும் பரவியது. யூடியூபில் சண்டைக்கு ஏழு காரணம் சொல்லி ஒருவர் வீடியோ போட்டார். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் போன் செய்து துக்கம் விசாரித்தார்கள். இப்போது விருந்துக்குப் போகாவிட்டால் பகை உறுதியாகிவிடும். போனாலும் உறுதியாகிவிடும். போகாமல் உறுதியாவதைவிடப் போய் உறுதியாவதே மரியாதை என்று இரண்டு வீட்டாரும் வந்தார்கள்.

மே மாதக் கடைசி ஞாயிறு. மதியம் ஒரு மணி. வைகுண்டராஜ் வீட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் கஸ்தூரியம்மாளும் முத்துக்குமரனும். எதிர்ப் பக்கம், பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக வந்த பீட்டர்ராஜ், மதலேனாள், பிரவீன். ஓரத்தில் வைகுண்டராஜுக்கு ஓர் இலை. உமாதேவி விடியற்காலையிலிருந்து வெந்து புழுங்கிச் செய்த ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், ரசம், அப்பளம். சோற்றில் ஆவி பறந்தது. எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். யாரும் கை வைக்கவில்லை.

“சாப்பிடுங்க, சாப்பிடுங்க” என்றார் வைகுண்டராஜ், குழம்புக் கரண்டியோடு.

“அவுக ஆரம்பிக்கட்டும்” என்றார் கஸ்தூரியம்மாள்.

“அவுகதான் பெரியவுக. அவுக தொடங்குறதுதான் முறை” என்றார் பீட்டர்ராஜ்.

“படிச்சவுக நீங்க. நீங்க முதல்ல.”

“தூரத்துல இருந்து வந்தவுக நீங்க. பசியா இருக்கும்.”

இவ்வளவு மரியாதையான சண்டையைச் சின்னமனூர் பார்த்ததில்லை. முதலில் கை வைத்தால், செய்யாத தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஃபிளக்ஸ் வேறு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறது. ஆவி அடங்கியது. குழம்பில் எண்ணெய் உறைந்து மேலே படிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முத்துக்குமரனின் கை அப்பளத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது. கஸ்தூரியம்மாள் திரும்பிப் பார்த்தார். கை திரும்பி வந்தது.

“அம்மா, அப்பளம் காஞ்சதுதான? அதைத் தொட்டா கை நனையாதுல்ல?”

பீட்டர்ராஜ் அதை ஆராய்ந்தார். “அதுவும் எண்ணெயில பொரிச்சதுதான், தம்பி” என்று தீர்ப்புச் சொன்னார்.

மணி இரண்டாகிவிட்டது. மூன்று மணிக்கு மண்டபத்தில் மைக் சரிபார்க்க வேண்டும். ஆறு மணிக்குக் கச்சேரி. போடியிலிருந்தும் குமுளியிலிருந்தும் ரசிகர்கள் வண்டி பிடித்து வந்துகொண்டிருந்தார்கள்.

பிரவீன் முதல் முறையாக வாயைத் திறந்தான். “முத்து, நமக்குள்ள சண்டையாடா?”

“இல்லையேடா. ஆனா அம்மா…”

“எனக்கும் அப்பா.”

“எந்திரிச்சுப் போயிருவமா?”

“இலையில உக்காந்துட்டுச் சாப்பிடாம எந்திரிச்சா, அப்புறம் ஒரே மேடையில எப்படிடா நிக்கிறது? வீட்ல விடுவாகளா?”

இதைக் கேட்டபோதுதான் வைகுண்டராஜுக்குப் பயம் வந்தது. நிஜமான பயம். அவர் கழற்றிய எத்தனையோ மோட்டார்கள் கொஞ்சம் சத்தத்தோடாவது ஓடியிருக்கின்றன. இது ஓடாது போலிருந்தது. சிரித்துக்கொண்டே விடைபெற வந்த இரண்டு பையன்கள், தம் வீட்டுக் கூடத்தில், தாம் போட்ட இலைக்கு முன்னால் பட்டினியாக உட்கார்ந்து பகையாளிகளாக மாறிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். ஏதோ இருக்கு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவர்தான் இருந்தார், கரண்டியோடு.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கச்சேரிக்கு மைக் செட்டும் ஜெனரேட்டரும் கம்பத்துக் கர்ணனுடையவை. பாடுகிறவர்கள் இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை என்று தேடி வந்திருந்தார். வாசலோடு நின்றுவிட்டார். பதினோரு வருடமாக அந்தப் படியை அவர் மிதித்ததில்லை.

இப்போது சொல்லிவிடலாம். கர்ணன் பிரிந்து போனபோது சண்டை எதுவும் இல்லை. மாமனார் ஊர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். வைகுண்டராஜால்தான் அதை நம்ப முடியவில்லை. பதினான்கு வருடம் எதிரே உட்கார்ந்திருந்தவன் சும்மா போவானா? தம்மிடம் என்ன குறை கண்டான்? கம்பத்துக்கே போய்க் கர்ணனின் மாமனாரிடம் விசாரித்தார், மச்சானிடம் விசாரித்தார், கடைசியில் கர்ணன் மனைவியிடமே, “நீதான பிரிச்சு விட்ட?” என்று கேட்டுவிட்டார். அன்றைக்குத்தான் சண்டை வந்தது. வைகுண்டராஜ் ஊருக்கு இன்றுவரைக்கும் சொல்லிவருவது, “ஏதோ இருக்குன்னு எனக்கு முதல்லயே தெரியும்” என்பதுதான்.

“உள்ள வாங்கண்ணே” என்றார் உமாதேவி.

கர்ணன் எட்டிப் பார்த்தார். “என்னாத்தா, இங்கன யாருக்கு என்ன ஆச்சு? சோத்துக்கு முன்னாடி இப்படி உக்காந்திருக்காக?”

உமாதேவி சொன்னார். எல்லாவற்றையும், ஃபிளக்ஸ் உட்பட, நாலே வரியில் சொன்னார். கர்ணன் வைகுண்டராஜைப் பார்த்தார். நரைத்திருந்தார் அவர்.

“ஏலே வைகுண்டம், இன்னுமாடா கழட்டிக்கிட்டு இருக்க?”

கர்ணன் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். ஓரத்தில் போட்டிருந்த வைகுண்டராஜின் இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“ஊத்து.”

“கர்ணா, முதல்ல கை நனைக்கிறவன்தான்…”

“தப்புப் பண்ணவன். தெரியும்டா. நான்தான். இங்கன நடந்த எல்லாத் தப்பும் நான் பண்ணதுதான், போதுமா? காலையில இருந்து வயர் இழுத்துக்கிட்டு இருக்கேன், பசிக்குது. ஊத்துடா.”

வைகுண்டராஜ் ஊற்றினார். கர்ணன் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். அந்த நொடிக்காகவே காத்திருந்த இரண்டு பையன்களும் ஒரே நேரத்தில் சோற்றுக்குள் கையை விட்டார்கள். தப்பைத்தான் ஒருவர் எடுத்துக்கொண்டாரே, இனி யாருக்கு என்ன? கஸ்தூரியம்மாள் கை நனைத்தார். பீட்டர்ராஜ் நனைத்தார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு மதலேனாள் இலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“அக்கா, அன்னைக்கு எனக்கு வயித்தால போய்க்கிட்டு இருந்துச்சு. கல்யாண வீட்ல எப்படிச் சொல்றது? அதான் பஸ்ஸுன்னு சொன்னேன்.”

“அடி ஆத்தீ, அதுக்காகவா!” என்று கஸ்தூரியம்மாள் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறி, பீட்டர்ராஜ்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

தப்பு யாருடையது என்று அந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியும். அவர் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, “இன்னும் ரெண்டு கறித்துண்டு வைக்கவா கர்ணா?” என்று கேட்டுக்கொண்டே, கர்ணன் வேண்டாம் என்பதற்குள் நாலு துண்டு வைத்தார்.

கச்சேரி ஆறு மணிக்குச் சரியாகத் தொடங்கியது. பீட்டர்ராஜின் மனம் நோகக்கூடாது என்று முத்துக்குமரன் தானாகவே இடம் மாறி நின்றான். இரண்டாவது பாட்டில் கிதாரின் கழுத்து அவன் காதில் பலமாக இடித்தது. பீட்டர்ராஜ் முன் வரிசையிலிருந்து எழுந்து, “பழைய பக்கமே நில்லுப்பா” என்று சத்தம் போட்டார். மண்டபமே சிரித்தது. கால்வாயில் விழுந்தவன் பாட்டைக் கடைசியாகப் பாடினார்கள். கூட்டம் முழுக்கக் கூடப் பாடியது. முடிந்ததும் முத்துக்குமரன் மைக்கைப் பிடித்து, “அம்புட்டுத்தான். போயிட்டு வர்றோம்” என்றான். பிரவீன் கையை ஆட்டினான். இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார்கள். தேம்பித் தேம்பி அழுதவர்களில் முதல் ஆள் ரசிகர் மன்றத் தலைவர்தான்.

கூட்டம் கலையும்போது, வண்டியின் பின்னால் ஏறிக்கொண்ட உமாதேவியிடம் அவர் மெல்லக் கேட்டார்:

“உமா, கர்ணன் எதுக்கு முதல்ல கை நனைச்சான்?”

“பசிச்சுச்சு. நனைச்சாக.”

“பதினோரு வருசமாப் பசிக்காதவனுக்கு இன்னைக்கு மட்டும் எப்படிப் பசிச்சுச்சு? ஏதோ…”

“வண்டியை எடுங்க.”

மறுநாள் காலையில் கடைக்குப் போகாமல் கம்பம் பஸ்ஸில் ஏறினார். உமாதேவி உடனே போன் செய்தார். “அண்ணே, அவரு கிளம்பி வர்றாரு. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி சோத்தைப் போட்டுருங்க.” கர்ணன் வீட்டில் அன்றைக்கு மத்தியானம் மீன்குழம்பு. வைகுண்டராஜ் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்றும், வாய் முழுக்கச் சோறு இருந்ததால் எதையும் விசாரிக்க முடியவில்லை என்றும் கேள்வி.

சரி, கதை முடிந்தது. நீங்கள் எழுந்து போகலாம். போவதற்கு முன்னால் ஒன்று. அந்தப் பையன்கள் ஏன் பிரிந்தார்கள் என்று நான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். சேர்ந்து பாட வேண்டியதைப் பாடி முடித்துவிட்டார்கள். ஒருவன் கோயம்புத்தூர் போகிறான், இன்னொருவன் தனியாகப் பாடப்போகிறான். இடையில் எங்கேயாவது, ‘அதெல்லாம் சரி, உண்மையான காரணம் என்ன?’ என்று உங்களுக்குத் தோன்றியதா? கடைசிப் பக்கத்தில் அது வெளியே வரும் என்று காத்திருந்தீர்களா?

இல்லை என்கிறீர்கள். நல்லது. நம்புகிறேன்.

ஆனால் அதை எதற்கு இவ்வளவு அவசரமாகச் சொல்கிறீர்கள்?